தண்ணீரும் தானியமும் காத்த கோட்டை: செஞ்சிக்கு ஒரு நாள் போய் வருவோம்



செஞ்சிக் கோட்டையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்காதவர்கள் நம் கூட்டமைப்பில் இருக்க முடியாது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் ரோடே கோட்டை மதிலைக் கடந்துதான் போகிறது. பேங்க் வேலையாகப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், மல்லாட்டை மூட்டையோடு போனாலும் அந்த மலை நம்மைப் பார்த்துக்கொண்டே நிற்கும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று குழுக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கைதான் உயரும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டூர் போனதோடு சரி என்பார்கள். "அங்க என்னக்கா இருக்கு, இடிஞ்ச கல்லுதானே?" என்று கேட்பவர்களும் உண்டு.

2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி, பாரிஸ் நகரத்தில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 கோட்டை மகாராஷ்டிராவில் இருக்கிறது. பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். இனி வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் கூடுதலாக வருவார்கள். அவர்கள் வந்து வழி கேட்கும்போது, பக்கத்து ஊரில் இருக்கிற நாம் "எங்களுக்கும் தெரியாதுங்க" என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கோட்டைக்குள் மூன்று பெரிய மலைகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சேர்த்து வளைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். 1200ஆம் ஆண்டு வாக்கில் ஆனந்தக்கோன் என்ற கோனார் தலைவர்தான் ராஜகிரியில் முதலில் கோட்டை கட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆடு மேய்க்கிற குலத்தில் பிறந்தவர் போட்ட அஸ்திவாரம்! பிறகு விஜயநகரத்து நாயக்கர்கள் பெரிதாகக் கட்டினார்கள். 1649ல் பிஜப்பூர் சுல்தான் கைக்குப் போனது. 1677ல் சிவாஜி பிடித்தார். 1698ல் மொகலாயர், 1750ல் பிரெஞ்சுக்காரர், 1761ல் இங்கிலீஷ்காரர். வருஷங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

சிவாஜியின் மகன் ராஜாராம், மகாராஷ்டிராவிலிருந்து தப்பி வந்து இந்தக் கோட்டையில்தான் அடைக்கலம் புகுந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய படை 1690ல் கோட்டையை முற்றுகையிட்டது. விட்டு விட்டு நடந்த அந்த முற்றுகை முடியவே 1698 ஆகிவிட்டது. எட்டு வருஷம்! எப்படித் தாக்குப் பிடித்தார்கள்? மதில் பெரிசு, பீரங்கி பெரிசு என்பார்கள். குடும்பம் நடத்துகிற நாம் வேறு கேள்வி கேட்போம். அத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சோறு எங்கிருந்து வந்தது? குதிரைக்கும் யானைக்கும் தண்ணி காட்டியது எப்படி? இந்தக் கேள்வியோடு உள்ளே போனால் கோட்டை நமக்கு நன்றாகவே புரியும்.

தண்ணீர் வந்த வழி

மலைமேல் பெய்கிற மழை பாறையில் நிற்காது, வழிந்து ஓடும். அதை ஓடவிடாமல் பிடித்து வைத்ததுதான் இங்கே பெரிய வேலை. ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று இரண்டு குளங்கள். கீழ்க்கோட்டையில் படிக்கட்டு கட்டிய யானைக்குளம். மலை உச்சியிலேயே ஊற்றும், மழைநீர் தேக்கும் குட்டையும் உண்டு. அதனால் கீழ்க்கோட்டை எதிரி கையில் போனாலும் உச்சியில் இருப்பவர்கள் தாகத்தால் சாகமாட்டார்கள்.

கல்யாண மகாலைப் பாருங்கள். சதுரமாகக் கட்டிய தாழ்வாரங்களுக்கு நடுவில், அடுக்கடுக்காய் உயர்ந்து நிற்கிற மாடிக் கோபுரம். மாடிக்கு ஒரு சின்ன அறை. ராணிமார் தங்கிய இடம் என்பார்கள். கோட்டைக்கு வெளியே தேக்கிய தண்ணீரைச் சுட்ட மண் குழாய் வழியாகக் கொண்டுவந்து, மேல் மாடி வரைக்கும் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. மேட்டில் தேக்கினால் தண்ணீர் தானாகவே குழாயில் ஏறும் என்கிற கணக்கு மட்டும்தான். நம் ஊர் ஓவர்ஹெட் டேங்க்கும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. ராணிகளுக்கு மாடியில் தண்ணி வந்தது சரி. அடிவாரத்தில் குடம் சுமந்த பெண்களின் கணக்கை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

தானியம் இருந்த இடம்

கல்யாண மகாலுக்குப் பக்கத்திலேயே நெற்களஞ்சியம். உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சியாக இருக்கும். தடித்த சுவர், வளைவான கூரை. கதவு சின்னது. வெயிலும் ஈரமும் நெல்லுக்குப் போகக்கூடாது என்று நினைத்துக் கட்டியது. நம் பாட்டி காலத்துக் குதிரைப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. கிருஷ்ணகிரி மலைமேலும் தானியக் களஞ்சியம் உண்டு. எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று சொல்லும் தொட்டிகளையும் அங்கே காட்டுவார்கள்.

இத்தனை நெல் எங்கே விளைந்தது? கோட்டைக்கு உள்ளே விளையவில்லை. சுற்றியிருக்கிற நம் கிராமங்களில்தான் விளைந்தது. ராஜா மாறினார், கொடி மாறியது. ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட கை மாறவில்லை. இன்றைக்கும் அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகள் மலையாய்க் குவிகிறதைப் பார்க்கிறோமே, அந்தப் பழைய களஞ்சியத்துக்கு இது பேரன் மாதிரி.

மலை உச்சியிலிருந்து

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. கல் படிக்கட்டு உண்டு. நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இந்த வட்டாரத்தைக் காக்கிற ஏழு கன்னிமார்களில் ஒருத்தி செஞ்சியம்மன், அவள் பெயர்தான் ஊருக்கு வந்தது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து, அறுபதடி ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். அதன்மேல் போட்ட பாலத்தைத் தாண்டித்தான் மேலே போக முடியும். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் முடிந்தது, எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மதில் ஓரமாகப் பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். நாம் தினமும் நடக்கிற நிலம் மொத்தமும் கீழே பாய் விரித்த மாதிரி தெரியும். கற்களை அள்ளிக் கொட்டியது போன்ற குன்றுகள், முள்ளுக்காடு, பனை வரிசை, நெல் வயல், சவுக்குத் தோப்பு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏரிகள். எந்த ஏரி நிரம்பி எங்கே வழியும் என்று நீங்களே விரலால் கோடு போட்டுக் காட்டிவிடலாம். நம் சங்கராபரணி ஆறு செஞ்சிக்கு மேற்கே இருக்கிற மலைகளில்தான் பிறக்கிறது. 1959ல் கட்டிய வீடூர் அணையில் தங்கி, புதுச்சேரிப் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததை மறந்திருக்க மாட்டோம். பக்கத்திலே மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அவ்வளவு தண்ணீரும் பாறையில் இறங்கி வாய்க்காலைத் தேடித்தான் ஓடியது. வாய்க்கால் தூர்ந்த இடத்தில் வீட்டைத் தேடி வந்தது. மழை வரும் வழியை இந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் எப்படிப் படித்திருக்கிறார்கள் என்பது உச்சியில் நின்றால் தெரியும். கிராம சபையில் வரத்து வாய்க்காலைப் பற்றிப் பேசப்போகிற சகோதரிகள் அதற்கு முன் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் என்பது எங்கள் எண்ணம்.

ராணியின் குளக்கரை

தேசிங்கு ராஜன் கதை நமக்கெல்லாம் தெரியும். கூத்தில் பார்த்திருப்போம். ஆற்காட்டு நவாபை எதிர்த்து, 1714ல், இருபத்திரண்டு வயதில் போரில் இறந்தார். அவருடைய குதிரை நீலவேணி என்று குழந்தையும் சொல்லும். நண்பர் மோவுத்துக்காரன் பெயரும் தெரியும். அவருடைய மனைவி பெயர் என்ன என்று கேட்டால் திகைப்போம். சின்னப் பெண். புருஷனோடு செட்டிக்குளக் கரையில் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வைத்தார் என்று சொல்வார்கள். வழிகாட்டுகிறவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எங்களுக்குப் பெருமையாக இல்லை. குதிரைக்குக் கிடைத்த பெயர்கூட அவளுக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் தோன்றுகிறது. அந்தக் குளக்கரைக்குப் போனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

கீழ்க்கோட்டையில் வெங்கடரமணர் கோயிலும், 1717 வாக்கில் கட்டிய சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கின்றன. புதுவைக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்பார்கள். அடுத்த முறை பாண்டிச்சேரி போனால் பாருங்கள், நம்ம ஊர் கல்.

நேரமிருந்தால் செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் போகலாம். பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கோயில், அதே பாறையில் பள்ளிகொண்ட ரங்கநாதர். பக்கத்திலே திருநாதர்குன்று. 24 தீர்த்தங்கரர்களை ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண முனிவரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது.

கடை போட நினைப்பவர்களுக்கு

கோட்டைக்குக் கூட்டம் வரும், நாமும் ஒரு டீக்கடையோ சிற்றுண்டிக் கடையோ போடலாம் என்று சில குழுக்கள் நினைக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். 2010ல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுசாக எதுவும் கட்டக்கூடாது. பழைய வீட்டைப் பழுது பார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் வரைக்கும் எது கட்டினாலும் முன் அனுமதி தேவை. "எல்லாரும் கட்டியிருக்காங்களே" என்று யாராவது சொன்னால் நம்பி கடன் வாங்கிக் கட்டிவிடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் கடை போய்விடும், தவணை மட்டும் நிற்கும். கட்டடம் இல்லாமல் செய்கிற வேலைகளை முதலில் யோசியுங்கள். வருகிற குழுக்களுக்கு ஆர்டரின் பேரில் மதியச் சாப்பாடு கட்டித் தரலாம். வறுத்த மல்லாட்டை, பனங்கிழங்கு மாதிரி பருவத்துக்குக் கிடைப்பதைப் பொட்டலம் போட்டு டவுனில் இருக்கிற கடைகளுக்குக் கொடுக்கலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

டவுனிலிருந்து கோட்டை சுமார் இரண்டு கிலோமீட்டர், திருவண்ணாமலை ரோட்டில். நுழைவுச் சீட்டு ஆளுக்கு 25 ரூபாய், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடையாது. பன்னிரண்டு பேர் குழுவுக்கு 300 ரூபாய் ஆகிறது. மார்ச் 8 மகளிர் தினத்தில் தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2020ல் அறிவித்தார்கள். அந்த நாளில் போவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். செலவைக் குழுச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டாம். சந்தாவோடு ஐந்து, பத்து என்று தனியாக வசூலித்து, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். பாறை சூடேறிவிட்டால் ஏறுவது கஷ்டம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலையேற விடுவதில்லை. முட்டிவலி, பிரஷர், சுகர் உள்ள அக்காமார்கள் கீழ்க்கோட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். களஞ்சியம், கல்யாண மகால், யானைக்குளம் எல்லாம் கீழேதான் இருக்கின்றன, குறை ஒன்றும் இல்லை. மலைமேல் கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள், அடிவாரத்திலேயே போய்விட்டு ஏறுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஏறுவது ரொம்பத் தப்பு, மயக்கம் வந்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். காலி பாட்டிலைத் திரும்பக் கீழே கொண்டு வாருங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கிவிடும். துணிப்பைக்குள் வைத்து இறுகக் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அமாவாசை அன்றைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மேல்மலையனூர் போகிற கூட்டத்தில் செஞ்சி பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது.