விளம்பரப் பலகையின் காலில் இத்தனை முக்கோணத் தகடுகள் எதற்கு?

நெடுஞ்சாலையோரம் ஒற்றைக் காலில் நிற்கும் ராட்சத விளம்பரப் பலகையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மேலே இருக்கும் நகைக்கடை விளம்பரம்தான் கண்ணில் படும். கீழே காலைப் பார்ப்பவர்கள் குறைவு. பருமனான ஒரு இரும்புக் குழாய், தரையில் ஒரு சதுரத் தகட்டின் மேல் நிற்கும். தகட்டின் ஓரங்களில் கட்டைவிரலை விடத் தடிமனான போல்ட்டுகள். குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே, சுற்றிலும் முக்கோணத் தகடுகள் செங்குத்தாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கும்.

அடியில் படுத்திருப்பது 'பேஸ் பிளேட்'. நிற்கும் முக்கோணங்கள் 'ஸ்டிஃப்னர்', அதாவது விறைப்புத் தகடுகள். அலங்காரத்துக்கு வைத்தவை போலத் தெரிந்தாலும், பலகை நிற்பதும் சாய்வதும் இந்த இடத்தைப் பொறுத்தது.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில், புழுதிப் புயலில் ராட்சத விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் பங்க் மீது சாய்ந்ததில் 17 பேர் இறந்தார்கள். அனுமதி யார் கொடுத்தது, அளவு எப்படி மீறப்பட்டது என்றெல்லாம் நாடு முழுவதும் பேச்சு. அந்தக் கேள்விகள் அவசியமானவைதான். ஆனால், காற்று ஒரு பலகையை எவ்வளவு பலமாகத் தள்ளும், அந்தத் தள்ளு காலில் என்னவாக மாறும் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

எடை பிரச்சினையே இல்லை

20 அடிக்கு 10 அடி அளவில் சாதாரணமான ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 18 சதுர மீட்டர். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குழாயும் பலகையும் சேர்த்து 3 டன் எடை என்று வைப்போம். 3 டன்னைத் தாங்குவது அந்தத் தகட்டுக்கு ஒரு விஷயமே இல்லை.

காற்று வந்தால் கதை மாறுகிறது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, சென்னைக்குக் குறிப்பிடும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தட்டையான பலகையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 200 கிலோ அழுத்தம் விழும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் பலகையை 3.6 டன் விசை பக்கவாட்டில் தள்ளுகிறது.

இந்த விசை செயல்படுவது 8 மீட்டர் உயரத்தில். பள்ளிக்கூடத்தில் படித்த திருப்புத்திறன் இதுதான்: விசையையும் தூரத்தையும் பெருக்கினால் சுமார் 29 டன்-மீட்டர். நீளமான கடப்பாரையைப் போட்டுக் கல்லைப் புரட்டுவது போல, காற்று பலகையைப் பிடித்துக்கொண்டு காலைப் பெயர்க்கப் பார்க்கிறது.

காலில் இருக்கும் தகடு 1 மீட்டர் சதுரம். காற்று வரும் பக்கத்து போல்ட்டுகளுக்கும், எதிர்ப்பக்கம் கான்கிரீட்டில் அழுந்தும் இடத்துக்கும் இடையே 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். 8 மீட்டரில் வந்த திருப்பத்தை இந்த 80 சென்டிமீட்டருக்குள் சமாளித்தாக வேண்டும். சொந்த எடை கொஞ்சம் உதவினாலும், காற்றுப் பக்கத்து போல்ட்டுகளில் சுமார் 34 டன் இழுவிசை வரும். மூன்று டன் பொருளை நிற்க வைக்க 34 டன் பிடிமானம்! காற்று திசை மாறினால் அதே இழுப்பு மறுபக்கத்துக்கு வரும்.

ஸ்கேலைத் திருப்பிப் பிடித்தால்...

போல்ட் கீழே இழுக்கிறது, குழாய் மேலே தூக்குகிறது. நடுவே மாட்டிக்கொள்வது தகடு. வெறும் தகடாக விட்டால் அது போல்ட்டுக்கும் குழாய்க்கும் இடையே அப்பளம் மாதிரி வளையப் பார்க்கும். மேலே சொன்ன கணக்குக்குப் பாதுகாப்புக் காரணியையும் சேர்த்தால், வளையாமல் இருக்க ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் தடிமன் தேவைப்படும்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்து அழுத்தினால் சுலபமாக வளையும். அதையே குத்துவாட்டில் திருப்பிப் பிடித்தால் அசையாது. முக்கோணத் தகடு செய்வது இதைத்தான். 12 மில்லிமீட்டர் தடிமனும் 200 மில்லிமீட்டர் உயரமும் உள்ள நான்கு தகடுகளை நிறுத்தினால், குழாயை ஒட்டிய வெட்டில் அவற்றின் வளைவு எதிர்ப்பு, 1 மீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட தகட்டை விடவே அதிகம். அதே வெட்டில் செலவாகும் இரும்போ கால்பங்குக்கும் குறைவு. அடித்தகடு இரண்டு விறைப்புத் தகடுகளுக்கு இடைப்பட்ட சிறு தூரத்தை மட்டும் தாங்கினால் போதும் என்பதால், அதை 25 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துவிடலாம்.

அப்படியானால் எல்லா இடத்திலும் இதையே செய்யலாமே? அங்கேதான் கூலி குறுக்கே வருகிறது. ஒவ்வொரு முக்கோணத்தையும் வெட்டி, பொருத்தி, இருபுறமும் வெல்டிங் செய்ய வேண்டும். கூலி அதிகமான நாடுகளில், 'தடித்த தகட்டையே போட்டுவிட்டுப் போ' என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். இந்தியாவின் எஃகுக் கட்டுமான விதித்தொகுப்பான ஐஎஸ் 800, வெறும் தகடு, விறைப்புத் தகடு வைத்தது என்று இரண்டு வகைக்கும் இடம் தருகிறது. தூணுக்கு வெறும் எடை மட்டும் வந்தால் முக்கோணங்கள் வீண் செலவு. புரட்டும் விசை பெரிதாக இருந்தால்தான் அவற்றுக்கு வேலை.

தப்பு எங்கே நடக்கிறது?

வரைபடத்தில் எல்லாம் சரியாக இருக்கும். தளத்தில் தூணைத் தூக்கி வைத்தபின், "சார், போல்ட் உக்காரல. ஓட்டையக் கொஞ்சம் பெருசாக்கிடலாமா?" என்று குரல் வரும். கேஸ் கட்டரால் ஓட்டையை அகலமாக்கி, மேலே சின்ன வாஷரைப் போட்டு இறுக்கினால், பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுதான். 34 டன் இழுக்கும்போது நட்டும் வாஷரும் அந்த அகன்ற ஓட்டைக்குள் அமிழ ஆரம்பிக்கும். வேறு வழியில்லை என்றால், தடித்த சதுர வாஷர் தகட்டை வைத்து வெல்டிங் செய்வதா என்பதை வடிவமைத்த பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு பழைய வம்பு, விறைப்புத் தகட்டை போல்ட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துவிடுவது. பக்கத்தில் இருப்பது பலத்துக்கு நல்லது. ஆனால் ஸ்பேனர் திரும்ப இடம் இருக்காது. நட்டை முழுதாக இறுக்காமலே விட்டுவிடுவார்கள்.

மெல்லிய குழாயில் வேறொரு சிக்கல் உண்டு. முக்கோணத்தின் மேல்முனை குழாயின் சுவரில் குத்துகிற மாதிரி அழுத்தும். காற்றில் பலகை ஆண்டுக்கணக்கில் ஆடும்போது, வெல்டிங் முடிகிற அந்த முனையில்தான் விரிசல் விழத் தொடங்கும். அதனால் கவனமான வடிவமைப்பில் எல்லா முனைகளையும் இணைத்து, குழாயைச் சுற்றி ஒரு வளையத் தகடு போடுவார்கள். ஊரில் நிற்கும் பல கால்களில் இந்த வளையத்தைக் காண முடியாது.

கடைசியாக, தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே நிரப்பும் கிரவுட். இது சுருங்காத வகையாக இருக்க வேண்டும். சாதாரண சிமென்ட் கலவையை அப்பிவிட்டால் காய்ந்து சுருங்கி இடைவெளி விழும். தகடு கான்கிரீட்டில் சீராக அழுந்தாது. கடலோரத்தில் அந்த இடைவெளியிலும், விறைப்புத் தகடுகளுக்கு நடுவேயுள்ள மூலைகளிலும் மண்ணும் உப்பு ஈரமும் தங்கி, போல்ட்டை அரிக்கும். பெயின்ட் அடிப்பவரின் பிரஷ் எட்டாத இடமும் அதுதான்.