டிபி மாத்திரையும் ஈரலும்

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் உறவுக்கார அண்ணன் ஒருவர் போன மாதம் இரும்பைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். டிபிக்கு மாத்திரை ஆரம்பித்து ஐந்தே நாள். "தம்பி, மூத்திரம் செவப்பா போவுது. ஈரல் கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க, மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார்.

அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், அவ்வளவுதான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஆனால் ஈரலைப் பற்றிய பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

முதல் இரண்டு மாதம் தரும் நான்கு மருந்துகளில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் ஈரலைப் பாதிக்கக்கூடியவை. அதிகம் ஆராயப்பட்டது ஐசோனியசிட். ஈரலில் உள்ள என்ஏடி-2 என்ற நொதி இதன்மேல் ஒரு அசிட்டைல் துண்டை ஒட்டுகிறது. பிறகு அது உடைந்து அசிட்டைல் ஹைட்ரசின் வருகிறது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. அதே என்ஏடி-2 இன்னொரு துண்டை ஒட்டினால் தீங்கில்லாத பொருளாகி வெளியேறிவிடும். சிப்2இ1 என்ற வேறொரு நொதியிடம் சிக்கினால் ஈரல் செல்லைத் தாக்கும் பொருளாகிவிடும்.

மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், ஒரே வேலைக்கு இரண்டு பேர் போட்டி. யார் முந்துகிறார் என்பதுதான் கேள்வி.

என்ஏடி-2 மெதுவாக ஓடுவது சிலருக்குப் பிறவியிலேயே வருவது. தென்னிந்தியர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் இந்த ரகம். 1970களில், வேகமான ரகத்துக்குத்தான் ஈரல் ஆபத்து என்று நினைத்தார்கள், ஏனென்றால் அசிட்டைல் ஹைட்ரசின் அவர்களிடம் சீக்கிரம் உருவாகும். ஆனால் சீக்கிரம் வெளியேறுவதும் அவர்களிடம்தான்! பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் மெதுவான ரகத்துக்கே ஆபத்து அதிகம் என்று காட்டின. அவர்கள் உடம்பில் ஐசோனியசிட்டின் ஒரு பகுதி நேராகவே ஹைட்ரசினாக உடைகிறது. ரிஃபாம்பிசின் அதை இன்னும் தூண்டிவிடுகிறது.

இந்த மெது-வேக வித்தியாசத்தை நம்ம சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை மையம்தான் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) அது. ஐசோனியசிட் அதிக அளவில் கொடுத்தபோது, கைகால் எரிச்சலும் மரத்துப்போவதும் மெதுவான ரகத்துக்கே அதிகம் வந்தது என்று அங்கே கண்டார்கள். கூடவே பி6 வைட்டமின் தருவது இதைத் தடுக்கத்தான்.

சாராயம் ஏன் கூடாது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தொடர்ந்து குடித்தால் சிப்2இ1 பெருகும். தப்பான ஆளுக்குக் கை கொடுத்த மாதிரி.

மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போனால் மட்டும் பயம் வேண்டாம், மாத்திரையை விடாதீர்கள். கண்ணின் வெள்ளை மஞ்சளானாலோ, பசியே போய் குமட்டல், வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி என்று வந்தாலோ, அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஈரல் தேறியதும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். நாமாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் டிபி வளரும், மருந்துக்கு அடங்காத டிபியாகவும் மாறலாம்.

அண்ணன் இப்போது கண்ணாடியில் தினமும் கண்ணைப் பார்த்துக்கொள்கிறார். மாத்திரையும் தவறாமல் போடுகிறார்.