தோற்றமும் நோயும்

கொடிகாமம் சந்தையில் மாம்பழமும் பலாப்பழமும் குவியும் பருவத்தில், ஒருவரையொருவர் சுகம் விசாரியாமற் செல்லும் பெண்கள் அரியர். அச்சந்தைக்கு நாடோறும் வந்த பெண்மணியொருவர் திடீரென வராது நின்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடக்க இயலாமையால் அன்று. மார்பிற் கண்ட புற்றுநோய் முற்றியது. மருந்தினாலே தலைமயிர் கொட்டியது. சட்டையின் ஒரு பக்கம் வெறுமையாயிற்று. “இனி எனக்கு என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது?” என்று அவரே கூறவுங்கூடும். அதனை நாம் அப்படியே நம்பிவிடலாகாது.

இலங்கைப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. ஆயினும், வெட்கத்தினாற் கட்டியை மறைத்து, தோல் புண்ணான பின்னரே வைத்தியரிடஞ் செல்வோர் நம்மிடையே உளர். முன்னாளில் அமெரிக்க வைத்தியர் ஹால்ஸ்டெட் வகுத்த சத்திரசிகிச்சை, மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அகற்றியது. அத்துணை வேண்டியதில்லை என்பதைப் பேர்னாட் ஃபிஷர் முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கிற்று. காலத்தோடு வருவோரிற் பலருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தாற் போதும். உடலைக் காக்க எண்ணிய வெட்கமே உடலை இழக்கச் செய்வது எத்தகைய கொடுமை!

சரி, நோய் முற்றிவிட்டது. முற்றாகக் குணப்படுத்தல் இயலாது. அப்பொழுது செய்வதற்கு ஒன்றுமில்லையா? நிரம்ப உண்டு. முற்றிய புண்ணிலிருந்து எழும் துர்நாற்றமே பல பெண்களை அறைக்குள் அடைத்துவிடுகிறது. பிள்ளையை அணைக்கவும் கூசுவர். காற்றின்றி வாழும் கிருமிகள் சிலவே இந்நாற்றத்துக்குக் காரணம். மெற்றோனிடசோல் என்னும் மலிவான மருந்தை வைத்தியர் பணித்தவாறு புண்ணில் இட்டுவர, நாற்றம் பெரிதும் தணியும். அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றியதனாற் கை வீங்குமாயின், தகுந்த பயிற்சியும் இறுக்குக் கட்டும் உதவும். அக்கையாற் கிணற்று வாளியைத் தூக்காதிருப்பது நன்று. வெறுமையான பக்கத்துக்குப் பருத்தித் துணியால் அளவாக ஓர் அணையைத் தைத்துச் சட்டையுள் வைக்கலாம். இதற்கு ஊர்த் தையற்காரியே போதும்.

வீட்டாருக்கு ஒரு சொல். புற்றுநோய் தொற்றுவதன்று. அவருக்கெனத் தனிப் பேணியும் தனிப் பாயும் ஒதுக்கி வைப்பது, கத்தி செய்யாத காயத்தைச் செய்துவிடும்.

நோயாளியின் நோவு உடலில் மட்டும் இருப்பதன்று, உள்ளத்திலும் உறவிலும் இருப்பது என்று வற்புறுத்தியவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். அவர் 1967இல் இலண்டனில் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லம், இறுதிநிலை நோயாளரைப் பேணும் முறைக்கு உலகெங்கும் வழிகாட்டியாயிற்று.

நம் வடபுலத்தில், தெல்லிப்பழை வைத்தியசாலையிலே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அதற்கென 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டினர். கொடிகாமத்திலிருந்து அங்கே செல்பவர் யாழ்ப்பாணத்திற் பஸ் மாறவேண்டும். அந்நெரிசலில் நாற்றத்துக்கு அஞ்சியே சிகிச்சை நாளைத் தவறவிடுவோரும் இருப்பர். வைத்தியர் வலியைப் பற்றிக் கேட்பார். நாற்றத்தைப் பற்றி நோயாளி தாமாகக் கூறமாட்டார். உடன் செல்லும் மகளோ சகோதரியோ அதனைத் தாதியிடம் மெல்லச் சொல்லிவிடலாம்.