முதுமையும் தேயிலையும்

லக்ஷபான நீர்த்தேக்கத்திலிருந்து மலையைக் குடைந்த சுரங்கவழியே வரும் நீர், 1969ஆம் ஆண்டு முதல் பொல்பிட்டிய மின்நிலையத்தை இயக்கி வருகின்றது. ஓடிய நீருக்கு ஈடாக அடுத்த மழை புதுநீரைத் தந்துவிடும். அயலிலுள்ள தேயிலை மலைகளின் கதையோ வேறு. அங்கிருந்து கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் இறங்கிச் செல்லும் இளைஞருக்கு ஈடாக மலையேறி வருவோர் இல்லை. கொழுந்துக் கூடை வயதேறியவர் முதுகிலேயே தங்கிவிடுகின்றது.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 7.9 வீதம், 2024இல் அது 12.6 வீதம். பிறப்புக் குறைந்தது, ஆயுள் நீண்டது, இளையோர் பலர் கடல் கடந்தனர். ஆயுள் நீண்டமை நம் மருத்துவமும் கல்வியும் ஈட்டிய வெற்றியே. ஆயினும் உழைக்கும் கைகள் குறையும்போது நாட்டின் வளர்ச்சி என்னாகும்?

கைகள் குறைந்தால் கூலி உயர்வது இயல்பு. அது தொழிலாளிக்கு நியாயமும் ஆகும். ஆனால் உலகச் சந்தையை நம்பி வாழும் சிறிய நாடு, அவ்வுயர்வைத் தேயிலையின் விலையில் ஏற்றிவிட இயலாது. கென்யாவும் இந்தியாவும் போட்டிக்கு நிற்கின்றன. எனவே ஒவ்வொரு கையின் விளைவும் பெருக வேண்டும். இன்றேல் தோட்டம் சுருங்க வேண்டும். 2013இல் 340 மில்லியன் கிலோகிராமாக இருந்த நம் தேயிலை உற்பத்தி, 2023இல் 256 மில்லியனாயிற்று. 2021ஆம் ஆண்டு உரத்தடைக்கு இதில் பெரும் பங்குண்டு. முதிர்ந்த செடிகளுக்கும் ஆட்குறைவுக்கும் பங்குண்டு.

சிங்கப்பூரும் சிறிய நாடே. 2023இல் அங்கு ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தை என்ற அளவுக்கும் கீழே பிறப்பு இறங்கியது. வெளிநாட்டுத் தொழிலாளர், இயந்திரம், தொழிற்றிறன் ஆகியவற்றால் அந்நாடு தாக்குப்பிடிக்கின்றது. அது செல்வம் சேர்த்தபின் முதுமையடைந்தது. நாமோ செல்வம் சேருமுன்பே முதுமையடைகின்றோம்.

முதியோர் நாட்டுக்குச் சுமை என்பர் சிலர். அவர்தம் சேமிப்பே நாட்டின் மூலதனம் என்பதை அன்னார் மறந்துவிடுகின்றனர். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனை மொத்தமாகப் பெறலாம். அப்பணம் கடனிலும் கலியாணத்திலும் கரைந்தால், பின்னர் மாதந்தோறும் வருவது யாதுமில்லை.

கரையாது வைத்திருந்தோரும் தப்பவில்லை. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்தது. 1000 ரூபாவுக்குக் கிடைத்த பொருளுக்கு 1700 ரூபா வேண்டியதாயிற்று. நிதியின் பெரும்பகுதி அரசாங்கப் பிணைகளில் இருந்தமையால், 2023ஆம் ஆண்டு உள்நாட்டுக் கடன் சீரமைப்பின் பாரமும் அதன்மேலேயே விழுந்தது. நாற்பதாண்டு கொழுந்து பறித்த பெண்ணுக்கு, லயத்து அறையும் சொந்தமில்லை. சேமித்த பணத்துக்கும் மதிப்பில்லை என்றால், அதனினும் கொடுமை வேறுண்டோ?

மொத்தப் பணத்தோடு மாத ஓய்வூதியமும் வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தேர்ந்த தொழிற்கல்வி வேண்டும். பாட்டியின் சேமிப்பைக் காப்பதும் பேரனின் திறனை வளர்ப்பதும் ஒரே பணியின் இரு பாதிகள். ஒன்றைக் கைவிட்டு மற்றதைச் செய்ய முடியாது.