மஞ்சள் இயந்திரங்கள் – 9: சென்சார் மீது விழும் பழி

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில், சித்திரை வெயிலில் பொக்லைன் டிஸ்ப்ளேயில் சிவப்பு விளக்கு எரிந்து பஸ்ஸர் அலறினால், ஆபரேட்டர் வாயில் முதலில் வருவது, "சென்சார் போயிடுச்சுங்க!" என்பதுதான். கட்டைவிரல் அளவுள்ள அந்தக் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையில்லை. கழற்ற வேண்டுமா என்று முடிவு செய்வதுதான் வேலை.

ரேடியேட்டர் இடுக்குகளில் கல்தூசி அப்பியிருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கும். பழி என்னவோ சென்சாருக்கு. புதுசு போட்டும் விளக்கு அணையவில்லை என்றால், ஒயரையே பிடுங்கிவிடுகிற வைத்தியரும் உண்டு. ஹெட் கேஸ்கட் செலவு வந்தால்தான் அந்த வைத்தியம் ஓயும்.

உள்ளே இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாக உள்ள ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80-இல் சுமார் 320, 100-இல் 190-க்குச் சற்றுக் கீழே. ஒயர் அறுந்தால் கடுங்குளிர் என்றும், ஷார்ட் ஆனால் கொதிக்கிறது என்றும் என்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யூ. படிக்கும். இரவெல்லாம் நின்ற வண்டி, காலையில் சாவி திருப்பியதுமே 130 டிகிரி காட்டினால் சென்சாரையோ ஒயரையோ சந்தேகப்படுங்கள். பாறை அள்ள அள்ள முள் மெல்ல ஏறினால், அது பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது.

ஜே1939 என்ற தொடர்பு முறைப்படி பிழைக் கோடு காட்டும் வண்டிகளில் இன்னும் எளிது. 110 என்ற எண்ணோடு 3 அல்லது 4 வந்தால் மின்சுற்றுக் கோளாறு. 0 அல்லது 16 வந்தால் சூடு அளவு மீறியிருக்கிறது என்று பொருள். ரேடியேட்டர் பக்கம் போங்கள். கோடு 3, 4 என்றாலும் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சைக் களிம்பு, எலி கடித்த ஒயர் இரண்டும் சர்வசாதாரணம்.

சென்சார்தான் என்று உறுதியானால், என்ஜினை நன்றாக ஆறவிடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடியைத் திருகிய நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அவசரப்பட்டு முகம் வெந்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, சென்சார் மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை கூலண்டைச் சுத்தமான பக்கெட்டில் பிடியுங்கள். மண்ணில் விடாதீர்கள். கூலண்டில் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நக்கிய நாய் பிழைப்பது கஷ்டம்.

லாக்கை அழுத்திக் கனெக்டரைப் பிரியுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஆழமான சாக்கெட் போட்டுக் கழற்றுங்கள். புதியதைப் பூட்டும் முன் வெந்நீரில் முனையை முக்கி மல்டிமீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. டப்பாவிலேயே செத்துக் கிடப்பவையும் உண்டு. வாஷரோ ஓ-ரிங்கோ புதுசாகவே இருக்கட்டும். ஒற்றை ஒயர் சென்சாருக்கு உடம்புதான் எர்த். அதில் டெஃப்லான் டேப் சுற்றினால் எர்த் கெட்டுவிடும். முதல் சுற்றுகளைக் கையால் ஏற்றுங்கள். அலுமினிய ஹவுசிங்கில் மரை போனால் வேலை நாள் கணக்கில் இழுக்கும்.

கூலண்டை மெதுவாக ஊற்றி, ஏர் வெளியேறும் ஸ்க்ரூ இருந்தால் குமிழி நிற்கும்வரை திறந்து வையுங்கள். சென்சார் முனையில் காற்று தங்கினால் புது சென்சாரும் தப்பாகத்தான் காட்டும். கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி ஆறிய பிறகு மட்டம் பார்த்து, குறைந்ததை நிரப்பிவிட்டு வண்டியை வேலைக்கு அனுப்பலாம்.

(தொடரும்)