ஆபீஸ் கம்ப்யூட்டர் மாத்த 2 லட்சம் கடன் வாங்கணுமா? லினக்ஸ் கணக்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க!

போன வாரம் பெரியப்பா பையன் போன் பண்ணாரு. வேப்பம்பட்டுல சின்னதா ஒரு லேத் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்காரு, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். "தம்பி, ஆபீஸ்ல இருக்குற ஆறு கம்ப்யூட்டரும் பழசாயிடுச்சாம், விண்டோஸ் 11 ஏறாதாம். பர்சனல் லோன் போட்டு மாத்திடட்டுமா?"ன்னு கேட்டாரு. "அவசரப்படாதீங்க அண்ணே, ஞாயித்துக்கிழமை வர்றேன்"னு சொன்னேன். அங்க போய் உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. சம்பளத்தோட சைடுல ஒரு தொழில் பண்ணணும்னு நினைக்கிற எல்லாருக்கும் இது பயன்படும்.

முதல்ல, பிரச்சினை என்ன?

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திடுச்சு. கம்ப்யூட்டர் ஓடும். ஆனா புதுசா கண்டுபிடிக்கப்படுற ஓட்டைகளை அடைக்க ஆள் கிடையாது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேணும். இன்டெல்னா பெரும்பாலும் 8-வது தலைமுறை பிராசஸரோ அதுக்கு மேலயோ வேணும். அதனால நல்லா ஓடிக்கிட்டிருக்குற பழைய மெஷின்கள் பல வெளியே நிக்குது.

காசு கட்டி அப்டேட் வாங்கலாம். நிறுவனங்களுக்கு முதல் வருஷம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், ஒவ்வொரு வருஷமும் அது இரட்டிப்பாகும். அதாவது 61, 122, 244. மூணு வருஷத்துக்கு மொத்தம் 427 டாலர். பழைய மெஷினுக்கு இவ்வளவு செலவு பண்றதுல அர்த்தம் இல்லை.

"கிராக் போட்டுக்கலாம்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவுப்படி, திருட்டு மென்பொருள்னு தெரிஞ்சே பயன்படுத்தினா 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

மூணாவது வழி: லினக்ஸ்

லினக்ஸ்ங்கிறது ஓப்பன் சோர்ஸ். அதாவது அதோட நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கு. உபுண்டு, மின்ட் மாதிரியான பதிப்புகளை லைசென்ஸ் கட்டணம் இல்லாம எத்தனை மெஷின்ல வேணும்னாலும் போடலாம். உபுண்டுவோட நீண்டகாலப் பதிப்புக்கு 5 வருஷம் இலவச அப்டேட் உண்டு. 2024 ஏப்ரல்ல வந்த 24.04-ஐப் போட்டா 2029 வரை கவலை இல்லை.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. 2007 வாக்குல எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்த சி. உமாசங்கர் ஐஏஎஸ், அங்க இருந்த கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாத்தினாரு. நம்ம சென்னை சி-டாக் 'பாஸ்'னு ஒரு இந்திய லினக்ஸே உருவாக்குச்சு. பக்கத்து கேரளாவுல, அரசுப் பள்ளிகளோட 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை லினக்ஸ்ல ஓட்டுறதால 3,000 கோடி ரூபாய் மிச்சம்னு அங்க உள்ள கைட் நிறுவனம் 2019-ல சொல்லுச்சு.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 2011 செப்டம்பர் 15 அன்னைக்கு, வேப்பம்பட்டுல இருந்து ரயில்ல கொஞ்ச தூரத்துல இருக்குற திருவள்ளூர் காக்களூர்லதான் இலவச லேப்டாப் திட்டம் தொடங்குச்சு. அந்த லேப்டாப்ல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எனக்கும் ஒண்ணு கிடைச்சுது. பாஸை எத்தனை தடவை திறந்தேன் தெரியுமா? ரெண்டே தடவை! யாரும் சொல்லித் தரலை, நானும் கத்துக்கலை. லினக்ஸ் இலவசம், பழகுறது இலவசம் இல்லை. இதையும் கணக்குல சேர்க்கணும்.

எந்த மெஷின்ல என்ன வேலை?

அண்ணன்கிட்ட மாடலைக் கேட்கலை, வேலையைக் கேட்டேன்.

1. டேலி மெஷின்: டேலி பிரைம் விண்டோஸுக்கானது. விண்டோஸே இருக்கட்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் இதுலயே வெச்சுக்கலாம்.
2. டிராயிங் மெஷின்: ஆட்டோகேட். இதுவும் விண்டோஸ்தான்.
3. மீதி நாலு: மெயில், கொட்டேஷன், ஸ்டோர்ஸ் கணக்கு, இ-வே பில். எல்லாமே பிரவுசரும் சின்ன ஷீட்டும்தான். ஷீட்டுக்கு லிப்ரே ஆபீஸ் போதும்.

இப்ப கணக்கு (விலை எல்லாம் நான் வெச்சுக்கிட்ட உத்தேசம், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க)

ஆறும் புதுசுன்னா: 6 × 35,000 = 2,10,000 ரூபாய். 16% வட்டியில 24 மாசம் கடன்னா மாசத் தவணை சுமார் 10,280. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 36,800 ரூபாய்.

கலந்து செஞ்சா:
- 2 புது மெஷின்: 70,000
- 4 பழசுக்கு எஸ்எஸ்டி, ராம்: தலா 5,000 வீதம் 20,000
- போட்டுத் தர, சொல்லித் தர ஒரு ஆள்: 20,000

மொத்தம் 1,10,000. அண்ணன் கையில 1.25 லட்சம் இருந்துச்சு. ஆக, கடனே வேண்டாம்!

கவனிச்சீங்களா? மிச்சம் வந்தது விண்டோஸ் லைசென்ஸ்ல இல்லை. தூக்கிப் போட இருந்த நாலு மெஷினைக் காப்பாத்தினதுலதான் வந்துச்சு.

மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க

- எல்லா ஃபைலையும் தனி ஹார்டு டிஸ்க்ல பேக்கப் எடுங்க.
- பென்டிரைவ்ல லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாருங்க. பிரிண்டர், ஸ்கேனர், வைஃபை வேலை செய்யுதான்னு அப்பவே தெரிஞ்சிடும்.
- மேக்ரோ வெச்ச எக்ஸெல் ஷீட் இருந்தா லிப்ரே ஆபீஸ்ல திறந்து சோதிங்க. சிலது ஓடாது.
- பழைய தமிழ் ஃபாண்டுல அடிச்ச லெட்டர் இருந்தா யூனிகோடுக்கு மாத்தி வெச்சுக்கோங்க.
- முதல்ல ஒரே ஒரு மெஷின், ஒரு மாசம். அதுல உட்கார்றவங்க சரின்னு சொன்னப்புறம் அடுத்தது.

இன்னொண்ணு: கம்பெனி குடுத்த லேப்டாப்ல இதையெல்லாம் செஞ்சு பார்த்துடாதீங்க. ஐடி டீம் அனுமதி இல்லாம கை வெச்சா வேலைக்கே ஆபத்து. வீட்ல தூங்குற உங்க சொந்தப் பழைய லேப்டாப்புல பழகுங்க.

அண்ணன் இப்ப ஸ்டோர்ஸ் மெஷின்ல மின்ட் போட்டிருக்காரு. ஸ்டோர்ஸ்ல இருக்குற அக்கா முதல் நாள் கேட்டது ஒரே கேள்விதான்: "இதுல பிரிண்ட் எங்கப்பா இருக்கு?" காட்டினேன். அடுத்த நாள் அவங்களே எடுத்துக்கிட்டாங்க. மீதி மூணும் ஒரு மாசம் கழிச்சுதான்.

உங்க ஆபீஸ்ல எத்தனை மெஷினுக்கு நிஜமாவே விண்டோஸ் தேவை? எண்ணிப் பார்த்து கமெண்ட்ல சொல்லுங்க. பென்டிரைவ்ல போடுறது எப்படின்னு அடுத்த வீடியோல காட்டுறேன்.