அப்பாவாகப் போகும் தம்பிக்கு: விரதமும் வேண்டும், விவரமும் வேண்டும்



ஒரு வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் லயமே கூடி அவளுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடும். “இதைத் தின்னு, அதைத் தின்னாதே, வெயிட்டைத் தூக்காதே” என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவள் புருஷனிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவனும் காலையில் பனியோடு வேலைக்குப் போகிறான், சாயங்காலம் வருகிறான். மனசுக்குள் பயம் இருக்கும். அதை யாரிடம் சொல்வது? கோயிலில் போய் நிற்கிறான், முருகனிடம் ஒரு வேண்டுதல் வைக்கிறான்.

இந்த மாதப் பகுதி அந்தத் தம்பிக்காகத்தான். கியா பார்மில் காய்கறித் தோட்டத்தில் மருந்து அடிப்பவர், சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலையில் வேலை செய்பவர், பசாரில் கடை போட்டிருப்பவர், எல்லாருக்கும் இது பொருந்தும்.

பெரியவர்கள் சொன்ன கட்டுப்பாடுகள்

மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முடி வெட்டக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, கடலில் முழுகக்கூடாது, தூரப் பயணம் போகக்கூடாது, மலை ஏறக்கூடாது, புது வீடு கட்டக்கூடாது என்றெல்லாம் நம்மவர்களிடம் வழக்கம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே குடியிருக்கும் நம்மிடம் மலை ஏறாதே என்றால் எப்படி என்று சிரிக்கலாம். ஆனால் இந்தக் கட்டுப்பாடுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: ஆபத்தான இடத்துக்குப் போகாதே, கையிருப்பைக் கரைக்காதே, அவள் பக்கத்திலேயே இரு.

ஆகவே தாடி வளர்ப்பவர் வளர்க்கட்டும், அதனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் தாடியை மட்டும் வளர்த்துக்கொண்டு, சம்பளத்தன்று சம்சுக் கடைக்குப் போய் நடு ராத்திரியில் வீடு திரும்பினால் பெரியவர்கள் சொன்னதைக் கடைப்பிடித்தது ஆகாது. பக்கத்தில் இருப்பதுதான் அந்த விரதத்தின் சாரம்.

விரத வீட்டில் அவள் தட்டு

தைப்பூசக் காவடிக்கு வேண்டிக்கொண்டு 48 நாள் விரதம் இருப்பவர்கள் நம்மில் பலர். பத்துமலைக்கோ ஈப்போ கல்லுமலைக்கோ போய் நேர்த்திக்கடனைச் செலுத்தி, பிள்ளை பிறந்த பிறகு கரும்புத் தொட்டில் கட்டி எடுத்துப் போவதும் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் நீங்கள் விரதம் இருந்தால் வீடு முழுவதும் சைவமாகிவிடும். நீங்கள் ஒருவேளை சாப்பிட்டால், “அவர் பட்டினி கிடக்கும்போது நான் எப்படிச் சாப்பிடுவது” என்று அவளும் அரை வயிற்றோடு எழுந்துவிடுவாள். விரதம் உங்களுடையது. வயிற்றுப் பிள்ளைக்கு விரதம் கிடையாது.

சைவம் சமைத்தாலும் அவள் தட்டில் பருப்பு, பயறு, டோஃபு, கீரை, பால் இருக்கவேண்டும். மற்ற நாள்களில் மீன், முட்டை, நெத்திலி சேரட்டும். கிரகணத்தன்று கர்ப்பிணியை அறைக்குள் வைத்துப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருக்கிறார்கள். வெளியே வராமல் இருப்பது அவரவர் நம்பிக்கை. தண்ணீர் கொடுக்காமல் வைப்பது தவறு. அந்த நேரத்தில் தண்ணீரையும் பழத்தையும் கொண்டுபோய்க் கொடுப்பது புருஷன் வேலை.

தேத்தண்ணியும் இரும்புச் சத்து மாத்திரையும்

கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் அது இரத்தச் சோகை. சோகை உள்ள தாய்க்குப் பேறுகாலத்தில் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போனாலும் உடம்பு தாங்காது.

நாமோ தேயிலை நாட்டுக்காரர்கள். குளிருக்கு இதமாக நாளைக்கு ஐந்தாறு தடவை தேத்தண்ணி குடிக்கிறோம், மாத்திரையையும் அதிலேயே விழுங்கிவிடுகிறோம். தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்ட பலன் பாதிக்கு மேல் வீணாகிவிடும். ஆகவே மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பாலோடும் போடக்கூடாது. எலுமிச்சைச் சாறு, கொய்யா, ஆரஞ்சு ஆகியவற்றோடு சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டல் வந்தால் மாத்திரையைத் தூக்கிப் போடாமல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்.

வேலைத்தலத்திலிருந்து வீட்டுக்கு வரும் விஷம்

காய்கறித் தோட்டத்தில் மருந்து அடிப்பவர் தம் சட்டையோடு விஷத்தையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசிய அரசாங்கம் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது. அதற்காக மற்ற மருந்துகள் எல்லாம் சாதுவானவை என்று அர்த்தமில்லை. பூட்ஸை வாசலுக்கு வெளியே கழற்றுங்கள். முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அப்புறம் மனைவியிடம் போங்கள். மருந்துச் சட்டையைத் தனி வாளியில் நீங்களே துவையுங்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி கையால் அதைத் துவைக்க விடாதீர்கள். காலி மருந்துப் போத்தலை வீட்டில் எதற்கும் வைத்துக்கொள்ளக்கூடாது.

சிகரெட்டுப் புகையும் அப்படித்தான். குளிருக்காகக் கதவு, ஜன்னலை அடைத்த வீட்டில் ஒருவர் புகைத்தால் எல்லோரும் புகைத்த மாதிரி. புகை பட்ட தாய்க்குப் பிள்ளை எடை குறைந்து பிறக்க வாய்ப்பு அதிகம். இராக் குளிருக்கு அடைத்த அறையில் கரி அடுப்பு வைப்பது இன்னும் பெரிய ஆபத்து. கரியிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

தாமதம் என்ற எமன்

நாடு சுதந்திரம் அடைந்த 1957-ஆம் ஆண்டு வாக்கில், பிறக்கும் ஒவ்வொரு லட்சம் பிள்ளைகளுக்கும் இருநூறுக்கு மேற்பட்ட தாய்மார்கள் பேறுகாலத்தில் இறந்தார்கள். 2016-க்குப் பிறகு வந்த பல ஆண்டுகளில் அது முப்பதுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் கிளினிக்குகளும் ஆஸ்பத்திரிகளும் பெருகியதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

இன்னமும் தாய்மார்கள் ஏன் சாகிறார்கள்? இதை ஆராய்ந்த தாடியஸ், மெயின் என்ற இரண்டு பெண்மணிகள் 1994-இல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைப்பதில் தாமதம். மூன்றாவது டாக்டர்கள் கையில் இருக்கிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவர்கள் கையில், அதிலும் புருஷன் கையில் இருக்கின்றன.

“ராகு காலம் போகட்டும்”, “அம்மா வந்து பார்க்கட்டும்”, “விடியட்டும்” என்று சொல்லும் நேரத்தில் ஒரு உயிர் போய்விடலாம். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைக்க ஒரு நிமிஷம் போதும். முடிந்து வைத்துவிட்டு உடனே புறப்படுங்கள்.

கீழே உள்ள எது வந்தாலும் நல்ல நேரம் பார்க்காதீர்கள்:

1. இரத்தம் போவது, கொஞ்சமாக இருந்தாலும் சரி.
2. பனிக்குடம் உடைந்து தண்ணீர் போவது.
3. தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது. இவை இரத்த அழுத்தம் ஏறியதற்கு அடையாளம். அடுத்து வலிப்பு வரலாம்.
4. பிள்ளையின் அசைவு குறைவது. பன்னிரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் உடனே போகவேண்டும். வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றினாலே போய்க் காட்டுங்கள்.
5. காய்ச்சல், மூச்சுத் திணறல், வலிப்பு.
6. மாதம் ஆகுமுன்பே இடுப்பு வலி எடுப்பது.

பிள்ளை பிறந்த பிறகும் கவனம் வேண்டும். துணி மேல் துணியாக நனைந்தால், “அழுக்கு இரத்தம் போகட்டும்” என்று சொல்லிக்கொண்டிருக்கக்கூடாது. அது உயிர் இரத்தம்.

கியா பார்மில் ஒரு தனிக் கஷ்டம்

நம் இடத்துச் சங்கதி உங்களுக்குத் தெரியும். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் பசார் முன்னால் கார்கள் எறும்பு மாதிரி ஊர்ந்து நிற்கும். பிரிஞ்சாங்கைத் தாண்டித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகச் சாதாரண நாளில் ஆகும் நேரம் அன்றைக்குப் பல மடங்காகிவிடும். பெரிய மழை பெய்தால் மண்சரிவு பயம் வேறு. ஆபத்துள்ள பேறு என்றால் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கே இறங்க வேண்டியிருக்கும்.

ஆகவே ஏழாம் மாதத்திலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். ஒன்றுக்கு இரண்டு வண்டிக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். அவர்கள் நம்பரையும் கிளினிக் நம்பரையும் 999-ஐயும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அவசரச் செலவுக்கான வெள்ளியை அந்த மஞ்சள் முடிச்சுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பேறு நாள் பள்ளி விடுமுறையில் விழுகிறதா என்று நாள்காட்டியைப் பாருங்கள். விழுந்தால், முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்த் தங்கலாமா என்று மிஸ்ஸியைக் கேளுங்கள். தலைப்பிள்ளைக்குத் தாய் வீடு அனுப்புவதானால் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். கிளினிக்கில் கொடுத்த ரோஸ் புஸ்தகம் அவளோடு போகவேண்டும்.

அந்தப் புஸ்தகத்தை நீங்களும் திறந்து பாருங்கள். அதில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற அடையாளம் இருக்கும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள் என்றால் டாக்டர் பார்க்கவேண்டும். நிறம் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளை கைக்கு வந்த பிறகு

நம் குளிரில் பிறந்த குழந்தை சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் பட அணைத்து, மேலே போர்வை போர்த்துவதுதான் நல்ல கணகணப்பு. தென்னமெரிக்காவில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் 1978 வாக்கில் எடை குறைந்த குழந்தைகளை இப்படித்தான் காப்பாற்றத் தொடங்கினார்கள். தாய் களைத்திருக்கும்போது தகப்பனும் இதைச் செய்யலாம். நன்றாகக் குளித்து, புகை வாடை இல்லாமல், விழித்திருக்கும்போது செய்யுங்கள்.

குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி போடும் வழக்கத்தில் புகை குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது. விளக்கடியில் கொஞ்சம் காட்டுங்கள், தொட்டிலடியில் வேண்டாம். கண்ணும் உடம்பும் மஞ்சளானால் வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று இருக்காதீர்கள். நம் பனி மூட்டத்தில் வெயில் எங்கே இருக்கிறது? கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். தேனோ சர்க்கரைத் தண்ணியோ வேண்டாம்.

உங்களுக்கு உள்ள உரிமை

2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலைச் சட்டத்தில், மணமான ஆண் தொழிலாளிக்கு மனைவியின் பேற்றுக்காகத் தொடர்ந்து 7 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. ஐந்து பேறு வரைக்கும் இது செல்லும். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்கவேண்டும். பேறு நாளுக்கு 30 நாள் முன்பே அறிவிக்கவேண்டும். முடியாவிட்டால் பிள்ளை பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொல்லவேண்டும். பெண்களுக்கு 60 நாளாக இருந்த பிரசவ லீவு அதே தேதியிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று யாராவது சொன்னால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

இன்னொன்று. பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நிற்காமல் கல்யாணத்தையும் அரசாங்கத்தில் பதிந்து, சர்ட்டிபிகேட்டைக் கையில் வைத்திருங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் வாழ்நாள் முழுக்கத் தொல்லை.

தம்பி, முருகனோ மாரியம்மனோ மாதாவோ, உங்கள் தெய்வத்தை மனதார வேண்டிக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், போத்தலிடம் சொல்லாதீர்கள். அடுத்த கிளினிக் நாள் என்றைக்கு என்று இன்று இராத்திரியே அவளைக் கேட்டு வையுங்கள். அன்றைக்கு அவளோடு நீங்களும் போங்கள்.